ஆனியில் பார்த்த ஊரை ஐப்பசியிலும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

திருநெல்வேலி மாவட்டத்தில் அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ தாமிரபரணி ஆற்றை ஒட்டி ஒரு பழைய வீடு வாங்கிக் குடிவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஐம்பது வயது. சென்னை அலுவலகத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது. மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். எண்பது வயது அம்மாவும் உங்களுடன் இருக்கிறார். போன ஆனியில் ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில் ஊர் பிடித்துப்போய்விட்டது, மனைவிக்குத்தான் தயக்கம். சென்னை ஃபிளாட்டை விற்றுவிட்டு ஒரேயடியாக வந்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரன். முப்பது வருஷம் வெளியூர்களில் கட்டடப் பொறியாளராக இருந்துவிட்டு 2011-இல் திரும்பி வந்தேன். அதற்கப்புறம் இங்கே வீடு வாங்க வந்த பலருடன் கூடப் போய் சுவரையும் பத்திரத்தையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: வாருங்கள். ஆனால் எதையும் விற்காமல், எதையும் வாங்காமல், வாடகைக்கு ஒரு வருஷம் வாருங்கள். அந்த வருஷத்தை ஐப்பசியில் தொடங்குங்கள்.

ஏன் ஐப்பசி என்றால், நீங்கள் பார்த்தது ஆனி. ஆனி, ஆடியில் இந்த ஊரைப் பார்த்தவர்கள் எல்லோருமே இங்கே வீடு கேட்கிறார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று அடிக்கும், குற்றாலத்தில் சீசன் நடக்கும், வெயிலிருக்கும்போதே முகத்தில் சாரல் விழும். அணையில் இருப்பு இருந்தால் கார் என்கிற முதல் நெல் போகத்துக்கு ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள். கால்வாயெல்லாம் ஓடும், நாற்றங்கால் பச்சையாக இருக்கும். அந்த ஆறு வாரம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது வருஷத்தில் ஆறு வாரம்.

மற்ற மாதங்களைச் சொல்கிறேன். பிசானம் என்கிற அடுத்த நெல் போகம் அறுத்து முடிந்ததும் மாசி, பங்குனி வாக்கில் கால்வாயை அடைப்பார்கள். அடைத்த கால்வாயில் அங்கங்கே தண்ணீர் தேங்கும், தெருச் சாக்கடையும் அதில்தான் போய்ச் சேரும். புறவாசலில் கால்வாய் ஓடுகிற வீடு என்று ஆசைப்பட்டு வாங்கியவர்கள் சித்திரை முழுக்கப் புறவாசல் கதவைச் சாத்தியே வைத்திருப்பார்கள், கொசு அப்படி. கிணறும் இறங்கிவிடும். வெயில் திருநெல்வேலி வெயிலேதான், மலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் குறையாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போதுதான் ஆறு தன் உண்மையான அளவைக் காட்டும்.

அந்த அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நமக்கு மேலே மூன்று அணைகள் இருக்கின்றன. முழுவதும் நிறைந்தால் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இங்கே பெரியவர்கள் காலையில் காபி குடிக்கும்போது கேட்பது இந்த மூன்று நீர்மட்டத்தைத்தான். கூடவே மாஞ்சோலைப் பக்கத்தில் ஊத்து, நாலுமுக்கு ஆகிய இடங்களின் மழை அளவையும் பார்ப்பார்கள். அங்கே பெய்வது மணிமுத்தாறு அணைக்கு வரும். மணிமுத்தாறு அணை பெரும்பாலும் கடைசியில் நிரம்பும். அது நிரம்பாதவரை நமக்கு ஒரு தைரியம் உண்டு, மணிமுத்தாற்று வெள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். மார்கழி நெருங்கி மூன்றும் நிறைந்து நிற்கிறபோது மலையில் பெருமழை பெய்தால் அணைகளால் பிடித்துவைக்க முடியாது, வருவதை அப்படியே விட்டாக வேண்டும். பாபநாசத்துத் தண்ணீரும் மணிமுத்தாற்றுத் தண்ணீரும் அம்பாசமுத்திரத்துக்கு மேலேயே சேர்ந்துவிடுவதால் இரண்டும் ஒன்றாக நம் பாலத்துக்கு வரும்.

1992 நவம்பரில் அப்படி வந்தது. உயிர்ச்சேதமும் நடந்தது. அந்த வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது என்று காட்டுகிறவர்கள் ஆற்றோரத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அப்புறம் 2023 டிசம்பர் 17, 18. அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையம் மூழ்கியது. எங்கள் தெருவில் அன்று ராத்திரி பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தட்டி, "மாமா, தண்ணி கூடுதலா விடுதாங்களாம், ஆச்சிய எங்க மச்சுக்குக் கூட்டிட்டு வந்துருங்க" என்றான். என் அம்மா அப்போது உயிரோடு இருந்தார். நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீர் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நின்றது. மறுநாள் முழுக்க மின்சாரம் இல்லை, செல்போனும் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது, திருநெல்வேலிக்குப் போகிற வழியும் நம்பும்படி இல்லை.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட இரவு எப்போதாவதுதான் வரும். ஆனால் எண்பது வயது அம்மாவோடு குடிவருகிறவர் அந்த ஒரு இரவையும் கணக்கில் வைத்துத்தான் வீட்டின் தரைமட்டத்தைப் பார்க்க வேண்டும். வீடு பார்க்கிறபோது புரோக்கரிடம் வெள்ளம் வருமா என்று கேட்காதீர்கள். எதிர் வீட்டு ஆச்சியிடம், "தொண்ணூத்திரண்டுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். அதே கேள்வியைத் தெருவின் இரண்டு முனைகளிலும் கேளுங்கள். ஒரே தெருவில் மேற்குக் கோடிக்கும் கிழக்குக் கோடிக்கும் இரண்டடி வித்தியாசம் இருக்கும். ஆற்றங்கரை ஊர்களைப் பழையவர்கள் மேட்டில்தான் கட்டினார்கள், அதனால் பழைய தெருக்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன. மாட்டுவது அப்புறம் கட்டியவைதான். நன்செய் வயலில் நாலு லோடு சரள் அடித்து, கல் நட்டு, மனை என்று விற்கிறார்கள். வயல் என்றாலே தண்ணீர் தேங்கி நிற்பதற்காகத் தாழ்வாக வைத்த நிலம். அதில் வீடு கட்டினால் கார்த்திகையில் தண்ணீர் தன் இடத்துக்கு வரத்தான் செய்யும்.

இனி வீடு. நீங்கள் படம் அனுப்பியிருந்த மாதிரி வீடுகள் எனக்கு நன்றாகத் தெரியும். திண்ணை, தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக ரயில்பெட்டி மாதிரி நீளும், பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவாக இருக்கும். பார்க்கக் கண்ணுக்கு அவ்வளவு நிறைவு. ஆனால் பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, அதில் ஓதம் ஏறும். கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலே வந்து சுவரின் கீழ் மூன்றடி ஈரமாகவே இருக்கும். இதை மறைக்க விற்பதற்கு முன்னால் சிமென்ட் பூசி, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். சிமென்ட் பூசிய பழைய சுவர் மூச்சு விடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி உத்தரக்கட்டையைத் தொடும், அங்கே கரையான் வரும். நானே இதில் ஏமாந்தேன். திரும்பி வந்த வருஷம் சித்திரையில் ஒரு வீட்டைப் பார்த்து, காய்ந்து சுத்தமாக இருந்ததால் வாங்கினேன். கட்டடம் கட்டுவதே தொழிலாக இருந்தவன், புதுப் பூச்சு ஏன் என்று கேட்கத் தவறிவிட்டேன். கார்த்திகையில் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் கை நனைந்தது. அம்மாவின் மூட்டுவலி அந்த மழைக்காலத்தில்தான் அதிகமானது. பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூச இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், அவர்கள் வருகிற நாள்தான் நமக்கு நாள். பழைய வீடு வாங்கினால் விலைக்கு மேல் பழுதுபார்க்கவும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். சுவரைக் கார்த்திகையில் தொட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியது பலவும் எல்லா ஊருக்கும் பொதுவானதுதான், வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் என்று. உங்களுக்குச் சென்னையில் பழக்கம் இருக்கும். ஆற்றோர ஊர்களுக்கென்று உள்ள இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். ஒன்று, அடிமனை. இங்கே, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் போலவே, பல தெருக்களில் கட்டடம் குடியிருப்பவருடையது, மண் கோயிலுடையது அல்லது மடத்துடையது. தலைமுறை தலைமுறையாக மனை வாடகை கட்டிக்கொண்டு இருப்பார்கள். விற்கிறவர் பொய் சொல்கிறார் என்றில்லை, அவருக்கு அது தன் வீடுதான். ஆனால் கோயில் நிலத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சாதாரண மனை மாதிரிப் பதிவு செய்ய முடியாது. வங்கிக் கடனும் கிடைக்காது. வாடகையைத் திருத்தி உயர்த்தினால் கட்டித்தான் ஆக வேண்டும். விலை மலிவாக இருக்கிறதே என்று தோன்றினால் முதலில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் அவர் பெயரில் இருப்பது மண்ணுக்கு ஆதாரம் ஆகாது.

இரண்டாவது, புறம்போக்கு. ஆற்றைப் பார்த்த பின்வாசல், கால்வாயில் இறங்கும் படிக்கட்டு, கொல்லையில் நாலு தென்னை, இதெல்லாம் காட்டி விலை சொல்வார்கள். அந்தத் தென்னை நிற்கிற இடம் ஆற்றுப் புறம்போக்காகவோ கால்வாய்ப் புறம்போக்காகவோ இருக்கலாம். புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை வாங்கி, சர்வேயரை வைத்து அளந்தால் அரை நாளில் தெரிந்துவிடும். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. புது லேஅவுட் மனை என்றால் இன்னொன்று: அனுமதி பெறாத மனைப்பிரிவு 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரம் ஆனதா, வரன்முறை செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். சரி, இதையெல்லாம் நல்ல உள்ளூர் வக்கீல் ஒருவர் பார்த்துச் சொல்வார். விற்பவரின் வக்கீலாக இல்லாமல் இருந்தால் போதும்.

அம்மாவுக்காக மருத்துவம் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் பெரிய கேள்வி. அம்பாசமுத்திரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, தனியார் டாக்டர்களும் இருக்கிறார்கள். காய்ச்சல், சர்க்கரை, பாம்புக்கடி, எலும்பு முறிவு என்றால் சமாளிக்கலாம். நெஞ்சுவலி, பக்கவாதம் என்று வந்து உயர் சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலிதான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அங்குள்ள தனியார் மருத்துவமனைகளோ கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர். வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஊர்களுக்குள் புகுந்துதான் சாலை போகிறது, ஒரு மணி நேரமாவது ஆகும். அம்மாவுக்கு ஏற்கனவே இதய நோயோ டயாலிசிஸ் தேவையோ இருந்தால் நான் வர வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்படி இருந்தால் பாளையங்கோட்டையில் வீடு எடுங்கள், அதுவும் தாமிரபரணிக் கரைதான். வாரக் கடைசியில் இங்கே வந்து போகலாம். இல்லையென்றால், வந்த முதல் வாரமே அம்மாவை இங்குள்ள ஒரு டாக்டரிடம் அழைத்துப் போய்ப் பழைய ரிப்போர்ட்டுகளைக் காட்டிப் பழக்கப்படுத்திவிடுங்கள். ராத்திரி வண்டி எடுக்கக்கூடிய டிரைவர் இரண்டு பேர் நம்பர் வீட்டுச் சுவரில் எழுதியிருக்கட்டும்.

உங்கள் வேலைக்கு இங்கே இன்டர்நெட் போதும். ஃபைபர் இணைப்பு கிடைக்கிறது, ஆனால் மழைக்காலத்துக்கு இன்னொரு நிறுவனத்தின் இணைப்பும் தேவை. மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரத்தை நிறுத்துவார்கள், முன்கூட்டியே அறிவிப்பு வரும், அன்றைக்கு இன்வெர்ட்டர் தாங்குமா என்று பாருங்கள். சென்னைக்கு அவசரமாகப் போக வேண்டுமானால் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிறது. ரயிலென்றால் திருநெல்வேலிக்குப் போய் ஏறுவதுதான் பழக்கம். செங்கோட்டைப் பாதை 2012-இல் அகலப்பாதை ஆன பிறகு கல்லிடைக்குறிச்சி, அம்பை (அம்பாசமுத்திரம்) ஸ்டேஷன்களிலிருந்தே திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் வசதியாகப் போய்வரலாம்.

மகன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். கல்லிடையில் திலகர் வித்யாலயம், அம்பையில் தீர்த்தபதி பள்ளி என்று நல்ல பெயருள்ள பழைய பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அவன் சி.பி.எஸ்.இ.யில் படித்தால் சாய்ஸ் குறைவு. எட்டு முடிந்ததும் மாற்றலாம், பத்து முடிந்ததும் மாற்றலாம், ஒன்பதுக்கு நடுவிலோ பத்துக்கு நடுவிலோ மாற்றாதீர்கள். இதனால் ஐப்பசியில் குடும்பத்தோடு வருவது உங்களுக்குச் சிக்கலாக இருக்கலாம். அப்படியானால் இந்த ஐப்பசிக்கு நீங்களும் அம்மாவும் இரண்டு மாதம் வந்திருங்கள், மனைவியும் மகனும் லீவுக்கு வரட்டும், அடுத்த ஜூனில் முழுசாக மாறுவது பற்றிப் பேசலாம்.

ஊர் மனிதர்களைப் பற்றி. வாடகை வீடு கேட்டுப் போனால் "நீங்க எந்த ஊரு, யாரு வீட்டு ஆளு?" என்பார்கள். பல தெருக்களில் அந்தக் கேள்வி சாதியைக் கேட்பதுதான். நேராகவே கேட்பவர்களும் உண்டு. எனக்கு இதில் வெட்கமும் வருத்தமும் உண்டு, ஆனால் மறைத்துவைத்து உங்களை வரச் சொன்னால் அது இன்னும் தப்பு. உங்கள் பிள்ளை வளரப்போகிற இடம். எந்தத் தெருவில் அந்தக் கேள்வி குறைவாகக் கேட்கப்படுகிறது என்று பார்த்து அங்கே வீடு எடுங்கள். பாபநாசத்தை ஒட்டி விக்கிரமசிங்கபுரம் இருக்கிறது, 1880-களில் ஹார்வி மில் வந்ததால் பல ஊர்க்காரர்களும் வேலைக்கு வந்து குடியேறி உருவான ஊர். வெளியூர்க்காரர் அங்கே இயல்பாகக் கலந்துவிடலாம் என்பது என் அனுபவம். ஆனால் அங்கே மலை இன்னும் பக்கம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் அடிவாரம் அது. சிறுத்தை, கரடி, காட்டுப்பன்றி ஊருக்குள் வருவது செய்தியில் மட்டும் படிக்கிற விஷயமாக இருக்காது. இருட்டினால் நாயை வெளியே கட்டிப்போட மாட்டார்கள், வீட்டுக்குள் விட்டுக்கொள்வார்கள்.

இதே மனிதர்கள்தான் அந்த டிசம்பர் இரவில் என் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். தூக்கிய நாலு பேரும் வேறு வேறு தெரு, வேறு வேறு ஆட்கள். அதையும் சேர்த்துத்தான் ஊரைச் சொல்ல வேண்டும்.

உங்கள் மனைவியின் தயக்கத்தை நீங்கள் ஒரு வரியில் தாண்டிப்போய்விட்டீர்கள். நான் அங்கே நிற்க விரும்புகிறேன். வந்து ஒரே வருஷத்தில் திரும்பிப்போன குடும்பங்களை எனக்குத் தெரியும். வெள்ளத்தால் போனவர்கள் யாரும் இல்லை. அநேகமாக எல்லா வீட்டிலும் ஆசைப்பட்டது கணவர், தனிமைப்பட்டது மனைவி. கணவருக்கு வேலை கம்ப்யூட்டரில் கூடவே வந்துவிடுகிறது, ஆற்றுக்குளியல், டீக்கடை, நண்பர்கள் என்று அமைந்துவிடுகிறது. மனைவிக்குச் சென்னையில் இருந்த வேலை, தோழிகள், நினைத்த நேரத்தில் தனியாக வெளியே போய்வருகிற சுதந்திரம் எல்லாம் போய், அடுக்களையும் மாமியாரும் மட்டும் மிஞ்சுகிறது. தெருவில் எங்கே போனாலும் எங்கே என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள், ஆனாலும் பழகாதவருக்கு மூச்சு முட்டும். ஆகவே அவரிடம் "ஊர் பிடிச்சிருக்கா?" என்று கேட்காமல், "இங்கே உனக்கு ஒரு நாள் எப்படிப் போகும்?" என்று கேளுங்கள். இங்கே பள்ளி வேலை, டியூஷன், பாட்டு வகுப்பு எது சாத்தியம் என்று அவரே வந்து விசாரிக்கட்டும். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாவிட்டால் வருவதற்கு முன்பே கற்றுக்கொள்வது நல்லது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அம்பைக்கும் பாபநாசத்துக்கும் அடிக்கடி வண்டி உண்டு, ஆனால் ராத்திரி குறைந்துவிடும். வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் கடைசி வார்த்தை அவருடையதாக இருந்தால்தான் இந்த மாற்றம் நிற்கும். இதை நான் மிகவும் நம்பிச் சொல்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் முதலில் வாருங்கள் என்றுதானே சொன்னேன், அதற்குக் காரணம் ஆறுதான். தமிழ்நாட்டில் வருஷத்தின் பெரும்பகுதி தண்ணீர் ஓடுகிற ஆறு எத்தனை? இரண்டு பருவமழையும் பொதிகை மலையில் விழுவதால் இது ஓடுகிறது. காலை ஆறு மணிக்குப் படித்துறையில் இறங்கி மூழ்கி எழுந்தால் அன்றைய நாளே வேறு. அது தானாக அப்படி இருந்துவிடாது. பாபநாசத்தில் பரிகாரம் என்று துணியை ஆற்றில் விட்டுப் போகிறார்கள், மூட்டை மூட்டையாக அள்ளுகிறோம். கீழே போகப் போகச் சாக்கடையும் சேருகிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் வந்து போன பின் கரையைச் சுத்தம் செய்ய ஆள் போதாது. நீங்கள் வந்தால் அந்தக் காலை நேரங்களில் ஒரு கை கூடுதலாகும்.

குளிக்கும்போது ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பார்க்க முழங்கால் தண்ணீராக இருக்கும், அடுத்த எட்டில் கசம், அதாவது ஆழமான மடு இருக்கும். மணல் அள்ளிய பள்ளங்களும் உண்டு. எந்தத் துறையில் இறங்கலாம், எந்தப் பாறைக்கு அப்பால் போகக் கூடாது என்று உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். உங்கள் மகன் முதல் மாதம் அவர்களோடு மட்டும்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் யாரும் இறங்க வேண்டாம். அம்மாவுக்கு ஆற்றுக்குளியல் ஆசை என்று எழுதியிருந்தீர்கள். தை பிறந்த பிறகு, தண்ணீர் தெளிந்து படிகளில் பாசி காய்ந்ததும், கைப்பிடிக் கம்பி உள்ள ஒரு துறைக்கு நானே அழைத்துப் போகிறேன்.